நஸ்ரீன் முகமதி: வெறும் கோடு போட்டே வாழ்ந்த ஓவியர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருங்க இவங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே?

பெயிண்டிங் பக்கம் கொஞ்சம் ஆர்வம் இருக்கிறவங்களே கூட ஹுசைன், ரசா, சூசா வரைக்கும் சொல்லிட்டு நிப்பாட்டிடுவாங்க, அதனால தெரியலன்னா ஆச்சரியம் இல்ல. நஸ்ரீன் முகமதி 1937ல கராச்சில பொறந்தாங்க, அப்போ பிரிவினை ஆகல. 1944ல குடும்பம் பம்பாய் வந்துருச்சு. அம்மா இவங்க சின்னப் பொண்ணா இருக்கும்போதே இறந்துட்டாங்க. அப்பாவுக்கு பஹ்ரைன்ல கேமரா, போட்டோ சாமான் விக்கிற வியாபாரம், இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும். லண்டன்ல படிச்சாங்க, பாரிஸ்ல இருந்தாங்க, கடைசியில பரோடால வாத்தியாரா செட்டில் ஆனாங்க. 1990 மே மாசம், அலிபாக் பக்கத்துல கிஹிம்ங்கிற கடலோர ஊர்ல குடும்ப வீட்ல இறந்துட்டாங்க. அம்பதை அப்பதான் தாண்டியிருந்தாங்க.

அவங்க முக்கியமான வேலை எல்லாமே பேப்பர்ல, கறுப்பு மையும் பென்சிலும் வெச்சு போட்ட கோடுங்க. உருவம் கிடையாது, கலர் அனேகமா கிடையாது, தலைப்பும் கிடையாது.

இதைவிட நல்லா நான் இன்ஜினியரிங் டிராயிங்லயே போட்டிருக்கேன். இதுல என்ன கலை இருக்கு?

எல்லாரும் முதல்ல கேக்கிறது இதுதான், கேக்கிறதுல தப்பும் இல்ல. ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல மினி டிராஃப்டரையும் (நேர்க்கோடு போடுற கருவி) சார்ட் கன்டெய்னரையும் தூக்கிட்டு பஸ் ஏறின யாருக்கும் இவங்க ஓவியத்தைப் பார்த்தா முதல்ல ஷீட் சப்மிஷன்தான் ஞாபகம் வரும்.

ஆனா அங்க போடுற கோடு எல்லாமே வேற ஒண்ணுக்காக நிக்குது. தடிச்ச கோடுன்னா கண்ணுக்குத் தெரியிற விளிம்பு, விட்டு விட்டுப் போட்டா மறைஞ்சிருக்கிற விளிம்பு, மெல்லிசா நீளம் புள்ளி நீளம்னு போனா சென்டர் லைன். கோட்டைப் படிச்சு முடிச்சதும் நீங்க பார்க்கிறது ஒரு போல்ட்டையோ பிராக்கெட்டையோதான், கோட்டை இல்ல. நஸ்ரீன் கோடு எதோட விளிம்பும் இல்ல. அங்க பார்க்க வேண்டிய பொருளே கோடுதான்.

1970கள் நடுவுல போட்டதா சொல்ற ஒரு வகை ஓவியத்தை எடுத்துக்குவோம். அரை மீட்டர் உயரம், அதைவிடக் கொஞ்சம் கூடுதலா அகலம். இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் படுக்கைக் கோடுங்க, நூத்துக் கணக்குல, நெருக்கி நெருக்கி. முதல் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தா ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மேல போகப் போக குறையுது, ஒரு இடத்துல மை நல்லா கறுப்பா இருக்கு, அடுத்த கோட்ல பென்சில் சாம்பல் ஆயிடுது, குறுக்க சின்னச் சின்னதா சாய்வுக் கோடுங்க சிலது ஏறி வந்து நிக்குது, அது வந்த உடனே தட்டையா இருந்த பேப்பர் ஒரு பக்கம் சரிஞ்சு உள்ள போற மாதிரி ஆயிடுது. ஒரு மூலையில ஆழம், இன்னொரு மூலையில வெளிச்சம். ஷேடிங் கிடையாது, கோடெல்லாம் தூரத்துல ஒண்ணு சேர்ற மறையும் புள்ளின்னு பர்ஸ்பெக்டிவ் கிளாஸ்ல சொல்லித்தர்ற சமாச்சாரம் கிடையாது, வெறும் இடைவெளியை மாத்தியே இத்தனையும் நடக்குது. ஒரே ஷீட்ல கோட்டோட தடிமன் இப்படி மாறிக்கிட்டே இருந்தா நம்ம லேப்ல மார்க் போயிடும், இவங்களுக்கு அந்த மாறுதல்தான் வேலையே.

என்ன கருவி யூஸ் பண்ணாங்க? கையால போட்டதா, ஸ்கேல் வெச்சா?

ஸ்கேல் வெச்சுதான், அதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல. பில்டிங் பிளான் போடுற டிராஃப்ட்ஸ்மேன் கிட்ட இருக்கிற சாமான்தான்: டிராஃப்டிங் டேபிள், செட் ஸ்கொயர், மை விட்டுப் போடுற ரூலிங் பேனா.

ரூலிங் பேனா இப்போ யாருக்கும் தெரியாது, ஆட்டோகேட் வந்து எல்லாத்தையும் தூக்கிடுச்சு. ரெண்டு இரும்பு இதழ் இருக்கும், நடுவுல மை நிக்கும், பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ, அதைத் திருகினா இதழ் நெருங்கி கோடு மெலிசாகும், விட்டா தடிக்கும். மை ஜாஸ்தியா விட்டா குபுக்குனு கொட்டும், கம்மியா விட்டா பாதிக் கோட்ல காஞ்சிடும். பேனாவைக் கொஞ்சம் உள்ள சாய்ச்சா மை ஸ்கேலுக்கு அடியில இழுத்துக்கிட்டுப் போய் மொத்த ஷீட்டும் காலி. பாதியில நின்னா அந்த இடத்துல ஒரு பொட்டு விழுந்துடும், அதனால ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே வேகத்துல கை போகணும், மூச்சுக்கூட சீரா இருக்கணும். ஒரு கோடு காயற வரைக்கும் பக்கத்துல ஸ்கேலை வைக்க முடியாது. ரப்பர் வெச்சு அழிக்கிறதுன்னு ஒண்ணு மையில கிடையாது. இப்படி நூத்துக் கணக்குல போட்டுட்டு எண்பதாவதோ தொண்ணூறாவதோ கோட்ல சொதப்பினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மெஷின் போட்ட மாதிரி இருக்குன்னு சிலர் திட்டுவாங்க, சிலர் அதையே பாராட்டாவும் சொல்லுவாங்க. ஒரிஜினல் முன்னாடி நின்னா ரெண்டு பேர் சொல்றதும் சரியில்லன்னு தெரியும். மை ஆரம்பிச்ச இடம், தீர்ற இடம், அழுத்தம் குறைஞ்ச இடம் எல்லாம் தெரியிது. ஒரு ஆள் உக்காந்து போட்ட கோடுதான்.

ஆரம்பத்துல இருந்தே கோடுதானா?

இல்ல. 1954ல இருந்து 57 வரைக்கும் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஸ்கூல்ல படிச்சாங்க. அதுக்கப்புறம் பம்பாய் வந்து வார்டன் ரோட்ல இருந்த புலாபாய் தேசாய் இன்ஸ்டிடியூட்ல ஸ்டுடியோ. அந்த இடத்தைப் பத்தி தனியாவே எழுதலாம், ஒரே காம்பவுண்டுக்குள்ள ஹுசைன், கைதொண்டே, நாடகக்காரர் இப்ராஹிம் அல்காசி, சிதார் ரவிசங்கர்னு எல்லாரும் நடமாடின காலம். இவங்களோட முதல் தனிக் கண்காட்சி 1961ல அங்க இருந்த கேலரி 59ல நடந்துச்சு. வி.எஸ். கைதொண்டே இவங்களை விட 13 வயசு மூத்தவர், உருவமே இல்லாம வரையிறதை ஒரு தவம் மாதிரி பண்ணவர், அவர் பழக்கம் இவங்களுக்குப் பெரிய பலம்.

பிறகு பிரெஞ்சு அரசாங்க ஸ்காலர்ஷிப்ல 1961-63 பாரிஸ். அந்தக் காலத்து வேலையில மையைக் கரைச்சு விட்ட வாஷ், செடி கொடி மாதிரி, கிளை மாதிரி, கடற்கரைல தண்ணி வத்தின தடம் மாதிரி தெரியிற தீத்தல்கள் இருக்கும். கொஞ்சம் ஆயில் கேன்வாஸும் உண்டு. அழகா இருக்கும், ஆனா உண்மையைச் சொல்லணும்னா அன்னைக்கு பாரிஸ்ல நிறைய பேர் போட்டுக்கிட்டிருந்த ரகத்துக்குப் பக்கத்துல வெச்சா தனியா கண்டுபிடிக்கிறது கஷ்டம். 60கள் கடைசியில செடியோட கிளை நேராகுது, வாஷ் போகுது, 1970 வாக்குல கேன்வாஸை அனேகமா விட்டுட்டு பேப்பருக்கே வந்துடுறாங்க. நஸ்ரீன் நஸ்ரீனா ஆனது அங்கதான்.

70கள் முதல் பாதியில கட்டம், படுக்கைக் கோடு. பிறகு சாய்வுக் கோடுங்க ஜாஸ்தியாகுது. 80கள்ல கட்டமே கழண்டு போயிடுது, பெரிய வெள்ளைப் பேப்பர்ல நாலஞ்சு சாய்வுக் கோடு கீழ இருந்து மேல பாயும், இல்லன்னா ஒரு வில், ஒரு முக்கோணம் அந்தரத்துல நிக்கும், மீதி எல்லாம் காலி. என்னைக் கேட்டா இந்தக் கடைசி ரகத்துக்குத்தான் ஓட்டு போடுவேன், கட்டம் போட்டதைத்தான் எல்லா புக்லயும் அட்டையில போடுறாங்க.

பரோடால என்ன பண்ணாங்க?

1972ல இருந்து எம்.எஸ். யுனிவர்சிட்டி ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேகல்டில டீச்சர், உடம்பு ரொம்ப முடியாம போற வரைக்கும். அதுக்கு முன்னாடி 1970ல இருந்து கொஞ்ச காலம் டெல்லி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அந்தக் காலத்து பரோடான்னாலே மனுஷங்களையும் கதையையும் வரையிற ஊரு. குலாம்முகமது ஷேக், பூபேன் கக்கர் எல்லாம் தெரு, கடை, வீடு, பக்கத்து வீட்டு ஆளுன்னு வரைஞ்சு தள்ளிக்கிட்டிருக்காங்க. 1981ல அந்த ரெண்டு பேரும் விவான் சுந்தரம், நளினி மாலனி மாதிரி ஆளுங்களும் சேர்ந்து மனுஷங்களுக்குத்தான் ஓவியத்துல இடம்னு பேரே வெச்சு ஒரு கண்காட்சி போட்டாங்க. அதே கேம்பஸ்ல இவங்க ஆள் அரவமே இல்லாத கோட்டைப் போட்டுக்கிட்டிருக்காங்க. சண்டை போட்டாங்களான்னா இல்ல, எல்லாரும் நல்ல சிநேகிதம். அங்கயே இருந்த ஜெராம் படேலும் உருவம் போடாத ஆளுதான், ஆனா அவர் புளோ டார்ச் வெச்சு பிளைவுட்டைக் கருக்கி வேலை பண்ணவர், இவங்க கைக்கும் அவர் கைக்கும் சம்பந்தமே இல்ல. விவாதம் எவ்வளவு சூடா இருந்தாலும் இவங்க தன் டேபிளை மாத்தல, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிச்சிருக்கு.

வீட்ல சாமான் ரொம்பக் கம்மி, சுவர் வெறுமையா இருக்கும்னு பழகினவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இவங்க கிட்ட அங்க படிச்ச ரூபினா கரோடேதான் பின்னாடி டெல்லி கிரண் நாடார் மியூசியத்துல க்யூரேட்டரா (கண்காட்சி தொகுக்கிறவங்க) இருந்து டீச்சரோட வேலையை உலகம் சுத்திக் கொண்டு போனவங்க.

போட்டோவும் எடுத்தாங்களாமே?

ஆமா, இதைப் பார்க்காம கோட்டை மட்டும் பார்த்தா பாதிதான் பார்த்த மாதிரி. அப்பா கேமரா வியாபாரின்னு சொன்னேன் இல்லையா, வீட்ல கேமரா சாதாரண பொருள். 60கள்ல இருந்து நிறைய எடுத்தாங்க, எல்லாம் பிளாக் அண்ட் ஒயிட். ஃபதேபூர் சிக்ரியோட கல் தரை, வளைகுடா நாட்டுப் பாலைவனம், தார் ரோட்ல பெயின்ட் அடிச்ச கோடு, தறியில இழுத்துக் கட்டியிருக்கிற பாவு நூல், கிஹிம் கடற்கரைல அலை பின்வாங்கினப்ப மணல்ல விட்டுட்டுப் போன வரி.

உயிரோட இருந்த வரைக்கும் இந்த போட்டோ ஒண்ணைக்கூட கண்காட்சியில வைக்கல. பின்னாடி வெளிய வந்தப்பதான் பல பேருக்கு விஷயமே புரிஞ்சது. இந்தக் கோடுங்க கணக்குப் புத்தகத்துல இருந்து வரல, கண்ணால பார்த்த இடத்துல இருந்து வந்துச்சு. தறி போட்டோல நூல் வரிசையா போய் ஒரு இடத்துல நெருங்கி இருட்டாகுது பாருங்க, அதே நெருக்கம் அந்த 70களோட படுக்கைக் கோட்டு ஓவியங்கள்ல இருக்கு. ரோட்டு போட்டோல வெள்ளைக் கோடு ஃபிரேமுக்கு வெளிய சாய்வா ஓடுது, 80களோட ஓவியத்துல அதே வேகம். ஆனா போட்டோவைப் பார்த்து வரைஞ்சது கிடையாது, ரெண்டுக்கும் ஒரே கண்ணு, அவ்ளோதான். போட்டோலயே எது தரை எது வானம்னு தெரியாத அளவுக்கு வெட்டி எடுத்திருப்பாங்க, மனுஷன் நிழல் எங்கயாவது விழுந்திருந்தா அதுவும் ஒரு சாய்வுக் கோடாத்தான் இருக்கும்.

அதனாலதான் இவங்களை ஜியாமெட்ரி ஓவியர்னு யாராவது சொன்னா எனக்கு ஒத்துக்க முடியல. அடிப்படையில கடலும் பாலைவனமும் பார்த்து வளர்ந்த நிலக்காட்சி ஓவியர், நிலத்துல இருந்த சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு மிச்சத்தை வரைஞ்சவங்க.

முஸ்லிம் குடும்பம்னா இது இஸ்லாமிய டிசைனா? இல்ல ஜென், தாந்திரிக் சமாச்சாரமா?

மூணு லேபிளும் ஒட்டிப் பார்த்திருக்காங்க. ஜாலி வேலைப்பாடு (கல்லுல துளை துளையா செதுக்கின தடுப்பு), மசூதித் தரைக் கல்லு எல்லாம் இவங்க கண்ணு வெச்ச இடம்தான், போட்டோவே சாட்சி. ஆனா அந்த டிசைன்ல ஒரு நட்சத்திரம் போட்டா அது நாலு பக்கமும் திரும்பத் திரும்ப வரும், எங்க நிப்பாட்டினாலும் கணக்கு ஒத்துவரும். நஸ்ரீன் கிட்ட திரும்பி வர்றதே இல்ல, ஒரு வரிசையை நம்பி கண்ணு போகும்போதே அது நழுவிடும். தாந்திரிக்னு சொல்லி அந்தக் காலத்துல பிரேன் டே, ஜி.ஆர். சந்தோஷ் மாதிரி ஆளுங்க யந்திரக் கட்டம், பிந்துங்கிற நடுப்புள்ளி, நடுவுல ஒளின்னு போட்டாங்க, இவங்க ஓவியத்துல நடுன்னு ஒரு இடமே கிடையாது. ஜென், சூஃபி ரெண்டும் படிச்சவங்கதான், காண்டின்ஸ்கி, க்ளேன்னு ஐரோப்பிய ஓவியர்ங்க எழுத்தும் படிச்சவங்கதான். படிச்சதை எல்லாம் பேப்பர்ல கொண்டு வந்து வைக்கல.

ஆக்னஸ் மார்ட்டின் மாதிரியே இருக்கே, இந்தியாவோட ஆக்னஸ் மார்ட்டின்னு சொல்றாங்களே?

சொல்றாங்க, எனக்கு எரிச்சல்தான் வரும். (தெரியாதவங்களுக்கு: ஆக்னஸ் மார்ட்டின், 1912-2004, அமெரிக்கால பென்சில் கட்டம் போட்டு பேர் வாங்கினவங்க.) மார்ட்டினோடது ஆறடிக்கு ஆறடி சதுர கேன்வாஸ், நேர்க்கு நேரா நிக்கும், படுக்கையும் செங்குத்தும்தான், எங்கயும் சாயாது, அமைதி. நஸ்ரீனோடது கையில தூக்கிப் பார்க்கிற பேப்பர், சாய்வுக் கோடுதான் உயிரே, அதுல அமைதியை விட வேகம் ஜாஸ்தி. 2007ல ஜெர்மனி காசல் ஊர்ல நடந்த டாக்குமென்டா 12ங்கிற பெரிய கலைக் கண்காட்சியில ரெண்டு பேர் வேலையும் இருந்துச்சு. பம்பாய்ல பக்கத்துலயே கைதொண்டே இருந்தப்ப ஒப்பிட மார்ட்டின் இருந்த நியூ மெக்சிகோ வரைக்கும் ஏன் போகணும்?

கை நடுங்குற வியாதி இருந்துச்சாமே? அப்புறம் எப்படி இவ்ளோ நேரா?

நரம்பு சம்பந்தமான அரிதான நோய், பார்க்கின்சன் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா கை கால் கட்டுப்பாட்டை எடுத்துக்கிட்டுப் போயிடும். கடைசி வருஷங்கள்ல நடக்கிறதே சிரமம். அப்பவும் வரைஞ்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, கோடு கோணல. என் கணிப்பு, ஸ்கேலும் டேபிளும் கைக்கு ஒரு பிடிமானமா இருந்திருக்கும், ஓடுற பிரஷ்ஷா இருந்திருந்தா அது நடந்திருக்காது.

ஆனா இந்தக் கதையை வெச்சே மொத்த வாழ்க்கையையும் சொல்ற கட்டுரைங்க நிறைய வருது, நடுங்குற கை நேர்க்கோடு போட்டுச்சுன்னு, படிக்க நல்லாத்தான் இருக்கும், லைக்ஸும் வரும். காலக்கணக்கைப் பாருங்க. கோட்டுக்கு வந்தது 60கள் கடைசியில, நல்ல திடகாத்திரமா ஊர் சுத்திக்கிட்டிருந்த வயசுல. நோய்க்குப் பதில் சொல்ல இவங்க கோடு போடல. நோய் வந்த பிறகும் அதை விடல, அது வேற விஷயம்.

டைரி எழுதுவாங்களாமே, அதுல என்ன இருக்கு?

சின்னச் சின்ன குறிப்பு. கடல், வெயில், தனிமை, இன்னைக்கு வேலை ஓடல, பொறுமை வேணும், இருக்கிறதைக் குறைச்சு அதுலயே நிறையக் கொண்டு வரணும், இந்த மாதிரி. எழுதினதுக்கு அப்புறம் பக்கத்து மேலயே மையால பட்டை பட்டையா அடிச்சு வரிகளை மறைச்சிருக்காங்க, ஒண்ணு ரெண்டு வார்த்தை மட்டும் தப்பிச்சு நிக்கும். தேதி அச்சடிச்ச சாதாரண டைரிப் பக்கம்தான், ஆனா இப்போ மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஓவியத்தோட சேர்த்தே வைக்கிறாங்க, வைக்க வேண்டியதும்தான்.

ஓவியத்துக்கெல்லாம் பேர் என்ன? எந்த வருஷம்னு எப்படித் தெரியும்?

பேர் வைக்கல. வருஷமும் அனேகமா போடல, கையெழுத்தும் அபூர்வம். லேபிள்ல "தலைப்பில்லை, 1975 வாக்கில்"னு போட்டிருந்தா அது மத்தவங்க யூகிச்சுப் போட்டது. அதனால ஒரு ஓவியத்தைப் பத்தி ரெண்டு பேர் பேசணும்னா வாயால வர்ணிச்சுத்தான் ஆகணும், நான் மேல பண்ணது போல.

இவ்ளோ நல்லா இருந்தா ஏன் இத்தனை நாள் வெளிய தெரியல?

பேப்பர் வேலைன்னாலே நம்ம ஊர்ல ஓவியம் வாங்கிச் சேர்க்கிறவங்களுக்கு ஒரு இளப்பம், கேன்வாஸ்ல ஆயில்னாதான் காசு கொடுப்பாங்க. போதாததுக்கு அச்சுல வராது, பத்திரிகைல சின்னதா போட்டா சாம்பல் கலர்ல ஒரு சதுரம்தான் தெரியும். இவங்களும் ஓடிப் போய் விக்கிற ஆள் இல்ல, பல ஓவியங்கள் சிநேகிதங்க வீட்டுக்குத்தான் போச்சு. விமர்சகர் கீதா கபூர் மாதிரி கூடவே இருந்த சிலர்தான் விடாம எழுதிக்கிட்டிருந்தாங்க.

இறந்த பிறகுதான் வரிசையா நடந்துச்சு. 2005ல நியூயார்க் டிராயிங் சென்டர், 2007 டாக்குமென்டா, 2013ல டெல்லி கிரண் நாடார் மியூசியத்துல பெரிய கண்காட்சி, 2014 டேட் லிவர்பூல், 2015 மாட்ரிட் ரெய்னா சோஃபியா. 2016 மார்ச்ல நியூயார்க் மெட் மியூசியம் தன்னோட புதுக் கிளையா மெட் ப்ராயரைத் திறந்தப்ப, திறப்பு விழாவுக்கு வெச்ச கண்காட்சிகள்ல ஒண்ணு இவங்களோடது, 130க்கும் மேல வேலைங்க. அமெரிக்காவோட பெரிய மியூசியம் புதுக் கிளையைத் திறக்கும்போது பரோடா டீச்சர் ஒருத்தரோட பென்சில் கோட்டைத் தேர்ந்தெடுத்திருக்காங்க, நம்ம பேப்பர்ல எல்லாம் அது எத்தனையாவது பக்கத்துல வந்துச்சுன்னு கேக்காதீங்க.

எங்க பார்க்கலாம்? போன்ல பார்த்தா போதுமா?

இந்தியால பார்க்கணும்னா டெல்லி கிரண் நாடார் மியூசியம்தான், அவங்க கிட்ட நிறைய இருக்கு, ஆனா எப்பவும் சுவர்ல தொங்கிக்கிட்டிருக்காது, பேப்பர் வேலைங்கிறதால வெளிச்சம் படாம உள்ள வெச்சிடுவாங்க, போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க.

போன்ல பார்க்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. நெருக்கமான கோட்டை ஸ்க்ரீன் சின்னதாக்கும்போது கோடும் பிக்சலும் மோதி, இல்லாத அலை அலையான பட்டை ஒண்ணு தெரியும், அதைப் பார்த்துட்டு "ஆஹா எப்படி மின்னுது"ன்னு எழுதுறவங்களும் இருக்காங்க, அது உங்க போன் பண்ற வேலை. பெரிய ஃபைலா இறக்கி கம்ப்யூட்டர்ல நூறு பர்சென்ட்ல வெச்சு, மூலையில இருந்து ஒரே ஒரு கோட்டைப் புடிச்சு கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, எங்க மெலியுது எங்க மை தீருதுன்னு. அப்புறம் அடுத்த கோடு.